நகரத்தின் பெயரும் குற்றச் செய்தியின் மிகையும்

ஒரு நகரத்தின் பெயரைக் கெடுப்பது அங்கே நடக்கும் குற்றமா, அந்தக் குற்றத்தைப் பற்றி எழும் பேச்சா என்ற கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலரும் விடை தேடி வந்திருக்கின்றனர். மலிவு விலை நாளேடுகள் பெருவாரியாக விற்கத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் லண்டனில் கூர்மையடைந்த இக்கேள்வி, பின்னர் அமெரிக்க நகரங்களில் செய்தியாளர்களையும் சட்ட அறிஞர்களையும் சமூகவியலாளர்களையும் ஈர்த்தது; 2005இல் நியூ ஆர்லியன்ஸ் வெள்ளத்தில் மூழ்கியபோது அதுவே பலரின் உயிரோடு தொடர்புடைய கேள்வியாகவும் ஆயிற்று. கிடைத்துள்ள விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதோடு, ஒவ்வொன்றும் தான் பிறந்த காலத்தின் கவலையைச் சுமந்துகொண்டிருப்பதால், அவற்றை அவை தோன்றிய சூழலோடு வைத்துப் பார்ப்பதே முறையாகும்.

மிகை என்பது இங்கே மூன்று நிலைகளைக் குறிக்கும். நடவாததை நடந்ததாகச் சொல்வது ஒன்று. நடந்ததை ஊதிப் பெருக்குவது மற்றொன்று. மூன்றாவது இவ்விரண்டினும் நுட்பமானது: தனித்தனியே உண்மையான செய்திகளை, மொத்த மக்கள்தொகை எவ்வளவு, கடந்த ஆண்டு நிலை என்ன, பிற நகரங்களில் எப்படி என்ற ஒப்பீடு எதுவுமின்றி அடுக்கிக்கொண்டே போவது. முதல் இரண்டையும் மறுப்பு வெளியிட்டுத் திருத்த முடியும். மூன்றாவதில் மறுப்பதற்கென்று ஒரு பொய்கூட இருப்பதில்லை என்பதால் அதுவே மிகுதியாக நிகழ்கிறது, மிகக் கடினமாகத் திருந்துகிறது.

நெருப்பும் புகையும்

மிகப் பழைய விடை, நெருப்பில்லாமல் புகையாது என்பதாகும். குற்றம் மிகுந்த நகரம் கெட்ட பெயர் எடுக்கிறது, குற்றம் குறைந்தால் பெயரும் தேறிவிடும் என்று இத்தரப்பினர் கருதுகின்றனர். இக்கருத்துக்கு வலுவான சான்றுகள் இல்லாமல் இல்லை. பொருளியலாளர்கள் ஜூலி கல்லன், ஸ்டீவன் லெவிட் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க நகரங்களில் பதிவாகும் ஒவ்வொரு கூடுதல் குற்றத்துக்கும் நகரத்து மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒருவர் குறைவதாக மதிப்பிட்டது. மக்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு புறநகருக்குப் போவது வெறும் வதந்தியால் அன்று என்பதே இதன் பொருள்.

ஆயினும், நிழல் பொருளோடு சேர்ந்து நகர்வதைப் போல நகரத்தின் பெயர் குற்றத்தோடு சேர்ந்து நகர்வதில்லை. கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 என்ற அளவில் கொலைகள் நடந்தன. அந்த அளவு அண்மை ஆண்டுகளில் 20க்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் போதைப்பொருள் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர்களும், அவன் வாழ்ந்த இடங்களைக் காட்டும் சுற்றுலாக்களும் பழைய பெயரை உயிரோடு வைத்திருந்தன. அவன் குடும்பம் வாழ்ந்த மொனாக்கோ என்னும் கட்டடத்தை நகர நிர்வாகம் 2019 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்து, அவ்விடத்தில் வன்முறைக்குப் பலியானோர் நினைவாகப் பூங்கா அமைத்தது. கொலைகள் குறைந்த பிறகும் கட்டடத்தை இடிக்க வேண்டியிருந்தது என்பதே, பெயருக்கு எண்ணிக்கையைச் சாராத தனி வாழ்வு உண்டு என்பதைக் காட்டுகிறது.

சிகாகோவின் நிலையும் இத்தகையதே. 2021இல் அங்கே ஏறத்தாழ 800 பேர் கொல்லப்பட்டனர். தலைப்புச் செய்திகளில் இடம்பெற்றது இந்த எண்ணிக்கைதான். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் செயின்ட் லூயிஸ், பால்டிமோர், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய நகரங்களின் கொலை வீதம் சிகாகோவினும் அதிகம் என்ற செய்திக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

செய்தி அறையில் எழும் அலை

இரண்டாவது விடை பத்திரிகை உலகத்தின் உள்ளிருந்தே வந்தது. லிங்கன் ஸ்டெஃபன்ஸ் என்னும் அமெரிக்கச் செய்தியாளர், 1931இல் வெளியான தம் தன்வரலாற்றில், 1890களில் நியூயார்க்கில் தாமே ஒரு குற்ற அலையை உண்டாக்கிய வரலாற்றைப் பதிவு செய்துள்ளார். காவல் தலைமையகத்தின் அடித்தளத்தில் துப்பறிவாளர்களின் பேச்சு காதில் விழ, ஒரு திருட்டைப் பற்றி அவர் எழுதினார். போட்டி நாளேட்டில் இருந்த ஜேக்கப் ரீஸ் பதிலுக்கு வேறொரு திருட்டைத் தேடிப்பிடித்து எழுதினார். மற்ற ஏடுகளும் களத்தில் இறங்க, நகரமே கொள்ளைக்காரர் கையில் சிக்கிவிட்டதாகத் தோற்றம் எழுந்தது. அப்போது காவல்துறை வாரியத்தின் தலைவராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் இருவரையும் அழைத்துப் பேசிய பின் அலை ஓய்ந்தது. திருட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எழுதப்பட்டது மட்டுமே கூடிக் குறைந்தது.

இதைத் தனியொருவரின் நினைவாகக் கருதி ஒதுக்க முடியாதபடி, 1922இல் வெளியான கிளீவ்லாந்து குற்றவியல் நீதி ஆய்வு கணக்கோடு ஒரு சான்றை முன்வைத்தது. ரோஸ்கோ பவுண்ட், ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் ஆகிய சட்ட அறிஞர்கள் பொறுப்பேற்று நடத்திய அவ்வாய்வில், 1919 ஜனவரி மாதத்தின் நாளேடுகள் அங்குல அளவுகோல் வைத்து அளக்கப்பட்டன. மாதத்தின் முற்பாதியில் 925 அங்குலமாக இருந்த குற்றச் செய்தியின் இடம் பிற்பாதியில் 6,642 அங்குலமாக வீங்கியிருந்தது. அதே காலத்தில் காவல்துறையிடம் பதிவான குற்றங்களோ 345இலிருந்து 363ஆக மட்டுமே உயர்ந்திருந்தன. ஏழு மடங்கு செய்திக்கு அடியில் இருந்தது பதினெட்டு வழக்குகளின் வேறுபாடு.

சமூகவியலாளர் மார்க் ஃபிஷ்மன் 1978இல் இச்சிந்தனையை மேலும் கொண்டுசென்றார். 1976இல் நியூயார்க் ஊடகங்கள் முதியோருக்கு எதிரான குற்றங்கள் பெருகிவிட்டதாக ஏழு வாரம் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, முதியோர் கொலை முந்தைய ஆண்டைவிட 19 விழுக்காடு குறைந்திருந்ததாகக் காவல்துறைப் புள்ளிவிவரமே காட்டியது. செய்தியாளர் எவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் ஃபிஷ்மனின் முதன்மையான வாதம். தனித்தனிச் சம்பவங்களை ஒரே தலைப்பின்கீழ் கோத்துத் தரும்போது செய்தி ஆசிரியருக்கு வேலை எளிதாகிறது. ஒரு நிறுவனம் எடுத்த தலைப்பை அடுத்த நிறுவனமும் எடுக்கிறது. காவல்துறையும் அத்தலைப்புக்குப் பொருந்தும் சம்பவங்களையே நாள்தோறும் எடுத்துக் கொடுக்கிறது.

இத்தரப்பின் குறை, வாசகரை ஊற்றியதையெல்லாம் ஏற்கும் வெற்றுப் பாத்திரமாகக் கருதிவிடுவதாகும். அலை எழுந்தது என்பதை அங்குலக் கணக்கு மெய்ப்பிக்கிறது. அந்த அலை ஊரார் மனத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியது, வெளியூரார் மனத்தில் எவ்வளவு காலம் தங்கியது என்பதை அது சொல்லவில்லை.

பீதியால் பயன்பெறுவோர்

மூன்றாவது தரப்பினர், மிகை யாருக்கு உதவுகிறது என்று கேட்டனர். 1862 ஜூலையில் லண்டனில் பில்கிங்டன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அவையிலிருந்து திரும்பும் வழியில் தாக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டார். கழுத்தை நெரித்துப் பறிப்போர் தெருத்தெருவாகத் திரிவதாக ஏடுகள் எழுதின. மறு ஆண்டே அத்தகைய குற்றவாளிகளுக்குக் கசையடி விதிக்கும் சட்டம் நிறைவேறிற்று. இப்பீதியை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜெனிஃபர் டேவிஸ், பீதி முதலில் வந்தது, கைதுகளின் எண்ணிக்கை அதன் பின்னால் ஏறியது என்று காட்டினார். காவலர் கண்காணிப்பைக் கூட்டியபோது பதிவுகளும் கூடின. கூடிய பதிவுகள் பீதிக்குச் சான்றாயின.

ஸ்டான்லி கோஹன் 1972இல் இத்தகைய நிகழ்வுகளுக்கு ஒழுக்கப் பீதி என்று பெயரிட்டார். ஒரு சாராரைச் சமூகத்துக்கே அச்சுறுத்தலாகச் சித்தரித்து, அதன் பேரில் கடும் நடவடிக்கைகளைக் கோரும் கூட்டுப் பதற்றத்தை இத்தொடர் குறிக்கும். 1964 ஈஸ்டர் விடுமுறையில், குளிரும் மழையுமாக வியாபாரம் படுத்திருந்த கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் இளைஞர் கும்பல்கள் மோதிக்கொண்டதைப் பற்றிய செய்திகளை அவர் வரிவரியாக ஆராய்ந்தார். கடலோர நடன அரங்குகள் அனைத்தின் சன்னல்களும் உடைக்கப்பட்டதாக ஏடுகள் எழுதியிருந்தன. அந்த ஊரில் இருந்ததோ ஒரே ஒரு நடன அரங்கு. ஒருமை பன்மையாவதில் தொடங்கும் மிகை எவ்வளவு எளிதாக ஊரின் வரலாறாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஸ்டூவர்ட் ஹாலும் உடன் ஆய்வாளரும் 1978இல் எழுதிய நூல், வழிப்பறி பற்றிய பிரிட்டிஷ் பீதி கறுப்பின இளைஞர் வாழ்ந்த நகர்ப்பகுதிகளின்மேல் எப்படி ஏற்றப்பட்டது என்பதைக் காட்டி, இவ்விவாதத்தை அரசதிகாரத்தோடு இணைத்தது.

மிகையை வேண்டுமென்றே கையாண்டதற்கு நியூயார்க்கின் 1975ஆம் ஆண்டு நிகழ்வு ஓர் எடுத்துக்காட்டு. நிதி நெருக்கடியில் தத்தளித்த மேயர் ஏப்ரகாம் பீம் காவலரையும் தீயணைப்பு வீரரையும் ஆட்குறைப்புச் செய்ய முற்பட்டபோது, அவர்களுடைய சங்கங்கள் ‘அச்ச நகரம்’ என்ற தலைப்பில், முக்காடிட்ட மண்டையோட்டுப் படத்தை அட்டையில் தாங்கிய துண்டுப் பிரசுரத்தை வெளியூர்ப் பயணிகளுக்காக அச்சிட்டன. மாலை ஆறு மணிக்குமேல் வெளியே வராதீர்கள், நடந்து செல்லாதீர்கள், மன்ஹாட்டனை விட்டு வெளியே போகாதீர்கள், சுரங்க ரயிலில் ஏறாதீர்கள் என்றெல்லாம் அது எச்சரித்தது. நகரத்தைக் காக்கும் பொறுப்புடையோரே நகரத்தின் பெயரைப் பணயம் வைத்த அந்நிகழ்வை நகர நிர்வாகம் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. இரண்டு ஆண்டுகளில் மில்ட்டன் கிளேசர் வரைந்த இதயச் சின்னத்தோடு நியூயார்க் மாநிலம் விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. நகரத்தின் பெயர் அதன்பின் மெல்லத் தேறியது. ஆனால் கொலைகளோ மேலும் ஏறி, 1990இல் 2,200ஐத் தாண்டிய பிறகே இறங்கத் தொடங்கின. பெயரும் குற்றமும் எதிரெதிர்த் திசையில் சென்ற காலமும் உண்டு என்பதற்கு இது சான்று.

பீதிக் கோட்பாட்டின் பலவீனம், மக்களின் உண்மையான இழப்புகளையும் பீதியின் கணக்கில் சேர்த்துவிடும் அதன் போக்கில் இருக்கிறது. 1975இன் நியூயார்க்கில் ஓராண்டில் 1,600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அந்த ஊர்க்காரரின் அச்சம் வெறும் கட்டமைப்பன்று.

நியூ ஆர்லியன்ஸ், 2005

மிகையால் ஒரு நகரம் அடையக்கூடிய கேடு சுற்றுலா வருமானத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை, 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயல் கரையைக் கடந்த பின் வந்த நாட்கள் காட்டின. நியூ ஆர்லியன்ஸ் ஏற்கெனவே கெட்ட பெயர் எடுத்திருந்த நகரம். அதன் கொலை வீதம் நாட்டுச் சராசரியைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு இருந்தது. கரைகள் உடைந்து நகரம் நீரில் மூழ்க, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சூப்பர்டோம் விளையாட்டரங்கில் தஞ்சமடைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வண்டி வசதியில்லாத ஏழைக் கறுப்பின மக்கள். அரங்குக்குள் கும்பல்கள் கொலை செய்கின்றன, குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகின்றனர், மீட்பு ஹெலிகாப்டர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடக்கிறது என்ற செய்திகள் உலகெங்கும் பரவின. அவற்றைச் சொன்னவர்களுள் மேயர் ரே நேகினும் காவல்துறைத் தலைவர் எடி கம்பாசும் அடங்குவர். செப்டம்பர் 6 அன்று ஓப்ரா வின்ஃப்ரியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே அவர்கள் இவற்றைக் கூறினர்.

அரங்கைக் காலி செய்த பின், இருநூறு உடல்கள் இருக்கும் என்று கேள்விப்பட்டு, கூட்டரசின் மருத்துவர் ஒருவர் குளிர்பதன வசதி கொண்ட பதினெட்டுச் சக்கர லாரியோடு வந்து சேர்ந்தார். அங்கே கிடைத்தவை ஆறு உடல்கள். நான்கு பேர் நோயால் இறந்திருந்தனர். ஒருவர் அளவுமீறிய போதைப்பொருளால். ஒருவர் தற்கொலை செய்துகொண்டதாகக் கருதப்பட்டது. கொலை ஒன்றும் இல்லை. மாநாட்டு மையத்தில் நான்கு உடல்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று மட்டுமே கொலையாகக் கருதப்பட்டது. செப்டம்பர் 26 அன்று இவ்விவரங்களைத் திரட்டி வெளியிட்டது நகரத்தின் சொந்த நாளேடான டைம்ஸ்-பிக்கயூன். அதே ஏடுதான் மூன்று வாரத்துக்கு முன் மாநாட்டு மையத்தின் குளிர்பதனப் பெட்டியில் முப்பது, நாற்பது உடல்கள் கிடப்பதாக எழுதியிருந்தது. தன் பிழையைத் தானே தேடிச் சென்று திருத்திய அச்செயல் மதிப்புக்குரியது. ஆனால் திருத்தம் வருவதற்குள் மிகை தன் வேலையை முடித்திருந்தது.

ஆகஸ்ட் 31 அன்று, தேடல் மீட்புப் பணியில் இருந்த 1,500 காவலர்களைக் கொள்ளையைத் தடுக்கும் பணிக்குத் திருப்புமாறு மேயர் ஆணையிட்டார். அண்டையிலுள்ள கிரெட்னா நகரத்தின் காவலர், பாலத்தின் வழியே நடந்து தப்பிக்க முயன்றோரை ஆயுதத்தோடு தடுத்துத் திருப்பி அனுப்பினர். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில் ஆயுதம் ஏந்தாத பொதுமக்கள்மேல் காவலர்கள் சுட்டதில் இருவர் இறந்தனர், நால்வர் காயமுற்றனர். நெடிய வழக்குக்குப் பின் 2016இல் முன்னாள் காவலர் ஐவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். நாடாளுமன்றக் கீழவைக் குழு 2006 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, சரிபார்க்கப்படாத வன்முறைச் செய்திகள் மீட்புப் பணியைத் தாமதப்படுத்தின என்பதை ஏற்றுக்கொண்டது. பேரிடர்ச் சமூகவியலாளர் கேத்லீன் டியர்னியும் உடன் ஆய்வாளரும், பேரிடரில் மக்கள் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் உதவுகின்றனர் என்று பல்லாண்டு ஆய்வுகள் நிறுவியிருந்தும், ஊடகங்கள் இந்நகரத்தைப் போர்க்களமாகச் சித்தரித்ததால் படைபலமே தீர்வு என்ற எண்ணம் வலுப்பட்டது என்று விளக்கினர்.

இந்நிகழ்வு மூன்று தரப்புகளையும் ஒருசேரச் சோதிக்கிறது. மிகை நம்பப்பட்டதற்கு நகரத்தின் உண்மையான கொலை வரலாறு ஒரு காரணம். செய்தி நிறுவனங்களின் போட்டி மற்றொரு காரணம். இனம் சார்ந்த பழைய அச்சம் மூன்றாவது காரணம். இவற்றுள் எதை நீக்கினாலும் அவ்வளவு எளிதில் அச்செய்திகள் பரவியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. எனினும், சூப்பர்டோம் பொய்களை மறுக்கும் வேகத்தில், அந்நாட்களில் உண்மையாகவே பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் குரலும் வதந்தி என்று ஒதுக்கப்படும் நிலை உருவானதை இங்கே மறந்துவிடலாகாது.

அச்சம் குடியேறும் இடம்

மிகை மனத்தில் எப்படித் தங்குகிறது என்ற கேள்விக்கு ஜார்ஜ் கெர்ப்னர் 1970களில் ஒரு விடை தந்தார்: தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்ப்போர், உலகத்தை அது இருப்பதைவிடக் கொடியதாகக் கருதத் தொடங்குகின்றனர். 1979இல் அந்தோனி டூப், கிளென் மெக்டொனால்ட் ஆகியோர் டொரொன்டோவில் இதைச் சோதித்தபோது, அவரவர் வாழும் பகுதியின் உண்மையான குற்ற அளவையும் கணக்கில் கொண்டால் தொலைக்காட்சியின் தாக்கம் பெரும்பாலும் மறைந்துபோவதைக் கண்டனர். மிகையான செய்தி, தன் தெருவை நன்கறிந்தவரை அதிகம் அசைப்பதில்லை எனலாம். கேலப் நிறுவனம் அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடத்தும் கருத்துக்கணிப்பும் இதற்கு இணக்கமானது: 1990களின் தொடக்கத்துக்குப் பின் வன்குற்றம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த காலத்திலும், பெரும்பாலான ஆண்டுகளில், நாட்டில் குற்றம் பெருகிவிட்டது என்று பெரும்பாலோர் கூறினர்; தம் பகுதியில் பெருகிவிட்டது என்று கூறியோர் எப்போதும் அதனினும் குறைவே.

அப்படியாயின் மிகையின் சுமை, அதை நேரில் சரிபார்க்க வாய்ப்பில்லாதவர் மனத்தில் ஏறி, அவர்கள் முடிவெடுக்கும் இடங்களில் வெளிப்படுகிறது: வேலை கொடுப்பவர், கடன் வழங்குபவர், வீடு வாடகைக்கு விடுபவர், பயணம் திட்டமிடுபவர். லொயிக் வக்காந்த் இதை இடக்களங்கம் என்று அழைத்தார். அதாவது, ஒருவரின் முகவரியே அவர்மேல் படிந்த கறையாவது. பாரிசுக்கு அருகிலுள்ள லா குர்நெவ் குடியிருப்புவாசிகள் வேலை தேடும்போது தம் முகவரியை மறைக்க முயல்வதை அவர் பதிவு செய்தார். 2015 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று பாரிசின் சில பகுதிகளில் முஸ்லிம் அல்லாதோர் நுழையவே முடியாது என்று ஒளிபரப்பியபோது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, மேயர் ஆன் இடால்கோ வழக்குத் தொடுப்பதாகவும் எச்சரித்தார். பாரிசுக்கு அத்தகைய மேயரும் உலகப் புகழும் இருந்தன. குர்நெவுக்கு அவை இல்லை. நகரத்தின் பெயர் கெடுவதாகப் பொதுவாகச் சொல்லப்படும்போது, கேடு ஊர் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை, ஏற்கெனவே குற்றத்தால் அல்லலுறும் பகுதிகளின் தலையிலேயே மீண்டும் விடிகிறது என்பதே இவ்வாய்வுகள் நல்கும் மிக முக்கியமான உண்மை எனத் தோன்றுகிறது.

தமிழ்நாடும் இதை அண்மையில் கண்டது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், திருப்பூர், கோவை போன்ற தொழில் நகரங்களில் பீகார்த் தொழிலாளர் தாக்கிக் கொல்லப்படுவதாக, வேறிடத்து நிகழ்வுகளின் காணொளிகள் பொய்யான விளக்கத்தோடு பரப்பப்பட்டன. காவல்துறை இந்தியிலும் மறுப்பு வெளியிட்டது. பீகார் அரசு அனுப்பிய குழு நேரில் வந்து பார்த்து நிறைவு தெரிவித்தது. ஆனால் வீட்டிலிருந்து பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்த பெற்றோரின் பேச்சைக் கேட்டு ரயிலேறிய தொழிலாளிக்கு மறுப்பு அறிக்கை போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

பதிவேட்டின் சிக்கல்

எது மிகை என்று தீர்மானிக்க உண்மை அளவு தெரிந்திருக்க வேண்டும். அதற்கான பதிவேடோ எங்கும் குறையுடையது. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், குற்றம் பெருகுவதும் குற்றப் பதிவு பெருகுவதும் வெவ்வேறு என்று தன் அறிக்கைகளிலேயே எச்சரிக்கிறது. முதல் தகவல் அறிக்கையை மறுக்காமல் பதிவு செய்யும் நகரம், புகாரைத் திருப்பி அனுப்பும் நகரத்தைவிடக் கொடிய நகரமாகப் பட்டியலில் இடம்பெறுகிறது. 2020இல் பொதுமுடக்க விதியை மீறியோர்மேல் போடப்பட்ட வழக்குகளால் தமிழ்நாட்டின் இந்தியத் தண்டனைச் சட்டக் குற்றங்கள் பல மடங்கு ஏறியதும், அப்பட்டியலை விளக்கமின்றி மேற்கோள் காட்டுவது எவ்வளவு தவறு என்பதைக் காட்டியது.

இக்குறையே எதிர்த்திசைத் தவறுக்கும் இடம் தருகிறது. ஊடகம் ஊதிப் பெருக்குகிறது என்ற குற்றச்சாட்டு, பெயரைக் காக்க விரும்பும் நிர்வாகத்துக்கும் வணிகருக்கும் வசதியான கேடயம். புகாரைப் பதியாமல் விடுவதும், கொள்ளையைத் திருட்டாகக் குறைத்து எழுதுவதும் மிகையைப்போலவே பொய்யானவை. அவற்றால் துன்புறுவோர் அதே ஏழைப் பகுதியினர்.

தீராதவை

இருக்கும் சான்றுகளைக் கொண்டு, மிகையான செய்திகள் அலைகளை உண்டாக்குகின்றன, அவ்வலைகள் சட்டத்தையும் காவல் நடவடிக்கையையும் திசைதிருப்புகின்றன என்று ஓரளவு உறுதியோடு கூறலாம். நீண்டகாலப் பொருளாதாரக் கேட்டைப் பற்றி அவ்வளவு உறுதியோடு பேச இயலாது. நியூ ஆர்லியன்ஸின் மக்கள்தொகை 2000இல் 4,84,674ஆக இருந்து 2010இல் 3,43,829ஆகக் குறைந்தது. அதில் வெள்ளத்தின் பங்கு எவ்வளவு, இடிந்த வீட்டுக்குக் கிடைக்காத இழப்பீட்டின் பங்கு எவ்வளவு, கெட்ட பெயரின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியும் முறையை இதுவரையிலான ஆய்வுகள் நிறைவாக உருவாக்கவில்லை. கைப்பேசி வழியே காணொளிகள் பரவும் காலத்தில், நாளேட்டை அளந்த அங்குல அளவுகோலுக்கு ஈடாக எதைக் கொள்வது என்பதும் தெளிவாகவில்லை. மறுப்பு எவ்வளவு விரைவாக, எந்த மொழியில், யார் வாயிலாக வந்தால் கேடு குறையும் என்ற கேள்விக்குத் திருப்பூர் நிகழ்வு நல்ல களமாக அமையக்கூடும். ரயிலேறியவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்தனர், வந்தவர்கள் எதை நம்பி வந்தனர் என்று அவர்களிடமே கேட்டறியும் ஆய்விலிருந்து அதைத் தொடங்க வேண்டியிருக்கும்.